அடிக்கட்டைக்குள் இருந்து கூப்பிடும் பிள்ளை

2023 ஆடியில் ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் வந்து இலங்கையின் வன்னியில் உள்ள ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டில் மூன்று கிழமை நின்றது. பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு நின்டென்டோ 3டிஎஸ் என்ற கைவிளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுடைய புதிய கருவி கனடாவில் பத்திரமாக இருக்க, புழுதி பட்டாலும் கவலையில்லை என்று அக்கா இந்தப் பழையவற்றைக் கொண்டுவர விட்டிருக்கிறார். வெயில் தாழும் வரை முற்றத்தில் இறங்கக் கூடாது என்பதில் அம்மா கண்டிப்பாக இருந்ததால், மத்தியானங்களில் விறாந்தைச் சீமெந்துத் தரையில் மூவரும் குப்புறக் கிடந்தோம். இரண்டே நாளில் மருமகளுக்கு விளையாட்டைவிடக் கோழிக்குஞ்சுகள் பிடித்துப்போயின. அவள் தன் கருவியை என்னிடம் தந்து, பழைய ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் அனுமதி அளித்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் கற்பனைப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் 'போக்கிமான் வை' என்ற விளையாட்டை நான் விளையாடத் தொடங்கிய கதை அவ்வளவுதான்.

இரண்டாவது கிழமையின் முடிவில், அந்த விளையாட்டின் கதை நடக்கும் கலோஸ் நாட்டின் 16 ஆம் இலக்கப் பாதையில், இலையுதிர்காலப் புல்லுக்குள் நடந்துகொண்டிருந்தபோது, திரை மின்னி ஒரு சின்ன உருவம் முன்னே வந்து நின்றது. முதற் பார்வையில் அது ஒரு மரத்தின் அடிக்கட்டை. மேலே கொம்புகளைப் போல இரண்டு கொப்புகள், அவற்றில் சில பச்சை இலைகள். கட்டையில் இருந்த பொந்துகளுக்குள்ளிருந்து இரண்டு வட்டமான சிவந்த கண்கள் பார்த்தன. கட்டைக்குக் கீழே, புகையைப் பிடித்து வைத்ததுபோல் ஒரு கரிய உடல். பெரியவர்களின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடித் திரியும் பிள்ளையின் தோற்றம் அதில் இருந்தது. அண்ணாந்து பார்த்த மருமகன், "மாமா, அது ஃபான்டம்ப். பிடியுங்கோ, விட்டிடாதேங்கோ" என்றான். பிடித்தேன்.

ஃபான்டம்ப் என்ற பெயர், ஆவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் அடிக்கட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிச் செய்தது. யப்பானிய மொழியில் அதன் பெயர் போகுரே. அதிலும் மரமும் ஆவியும் இருக்கின்றன. பட்டியலில் அதற்கு 708 ஆம் எண். ஆவி, புல் என்ற இரண்டு வகைகளையும் சேர்ந்தது. உயரம் 40 சென்ரிமீற்றர், எடை 7 கிலோ. எண்களில் எனக்கு ஆர்வம் குறைவு. ஆனால் அந்த 7 கிலோவை வாசித்தபோது கைகள் தாமாகவே ஒரு கைக்குழந்தையின் பாரத்தை நினைத்துக்கொண்டன.

பிடித்த ஒவ்வொரு பிராணியைப் பற்றியும் இரண்டு வரிகள் சொல்லும் போக்கிடெக்ஸ் என்னும் குறிப்பேடு ஒன்று இந்த விளையாட்டுகளில் உண்டு. 2013 ஒக்டோபர் 12 அன்று இரட்டைப் பதிப்புகளாக வெளிவந்தவை 'எக்ஸ்', 'வை' இரண்டும். உக்கிய அடிக்கட்டைகளில் ஆவிகள் குடியேறும்போது ஃபான்டம்ப் உண்டாகிறது, கைவிடப்பட்ட காடுகளில் வாழ அது விரும்புகிறது என்பதோடு 'எக்ஸ்' நிறுத்திக்கொள்கிறது. 'வை' ஒரு படி மேலே போய், காட்டில் வழிதவறி இறந்த பிள்ளைகளின் ஆவிகளே அந்தக் கட்டைகளில் குடியிருக்கின்றன என்று பழங்கதைகள் கூறுவதாகச் சொல்கிறது. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரு பிள்ளை 'எக்ஸ்' வாங்கியிருந்தால் அதற்கு இது வெறும் ஆவி. பக்கத்தில் நின்ற பிள்ளை 'வை' வாங்கியிருந்தால் அதற்கு இது தன் வயதுப் பிள்ளை. பிள்ளைகளுக்கான விளையாட்டொன்றில் இதை எழுதத் துணிந்தவர்களை நான் மெச்சுகிறேன்.

பின்வந்த பதிப்புகள்தான் எனக்கு உறுத்தலாக இருந்தன. 2016 இல் வந்த 'மூன்' பதிப்பின் குறிப்பு, இது மனிதப் பிள்ளையின் குரலைப் போன்ற குரலில் அழுது பெரியவர்களைக் காட்டின் ஆழத்துக்கு இழுத்துச்சென்று வழிதவறச் செய்கிறது என்கிறது. வழிதவறிய பிள்ளை வழிதவற வைக்கும் பேயாகிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 'அல்ட்ரா சன்' அதே குற்றச்சாட்டைத் திரும்பச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கிறது: அது அவர்களோடு நட்பாகத்தான் முயல்கிறது என்று. எழுதியவருக்கே மனம் பொறுக்காமல் சேர்த்த வரிபோல அது எனக்குப் பட்டது. இந்தத் தொடருக்கு ஆவிகள் புதியவை அல்ல. 1996 இல் தொடங்கிய முதல் விளையாட்டிலேயே, கல்லறைக் கோபுரம் ஒன்றில் வழிமறிக்கும் ஆவியை அதற்கென உள்ள கருவி கொண்டு பார்த்தால், அது குட்டியைப் பிரிந்து இறந்த ஒரு தாய் என்று தெரியவரும். அங்கே உருவத்தைக் கண்டதும் பயம் தீர்ந்து இரக்கம் வருகிறது. ஃபான்டம்ப்புக்கோ ஆண்டுகள் போகப்போகப் பழிதான் கூடியது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் முதற் குரலுக்கு மறுமொழி சொல்லக் கூடாது, இரண்டாவது குரலுக்கும் சொல்லக் கூடாது, மூன்றாவது தரமும் கூப்பிட்டால் மட்டுமே 'ஓம்' என்று குரல் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பேய்க்கு மூன்றாவது தரம் கூப்பிடும் பொறுமை இல்லையாம். அம்மப்பா காட்டு விளிம்பை மிதிக்கும் முன்பு ஒரு குழையை முறித்து ஐயனாரை நினைத்து மரக்கொப்பில் செருகிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். உள்ளே போன பிறகு யானை என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது, 'பெரியவர்' என்பார். கரடிக்கும் அவருக்கும் மட்டும் எந்த மரியாதை உடன்படிக்கையும் இருக்கவில்லை. பாலைப்பழக் காலத்தில் பழத்துக்கு வரும் கரடி மனிதரோடு மோதினால் முகத்தைத்தான் கிழிக்கும் என்பார். அதனால் உரத்துப் பேசிக்கொண்டே நடப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, முத்தையன்கட்டுப் பக்கக் காட்டுக்குப் பாலைப்பழம் ஆயப் போனோம். மாமாமார் இருவர் மரத்தில் ஏறிக் கொப்புகளைத் தறித்து விழுத்த, அம்மப்பாவும் நானும் கீழே நின்று பழங்களை உருவிக் கடகத்தில் போட்டோம். பாலைப்பழத்தின் பால் பிசின்போல ஒட்டும். அதிகம் தின்றால் உதடுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்; தேங்காயெண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும். நான் அதிகம் தின்றிருந்தேன். ஓர் உடும்பு சருகைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அது எந்தப் பொந்துக்குள் புகுகிறது என்று பார்க்கப் பின்னால் போனேன். என்றோ தறிக்கப்பட்ட ஒரு மரத்தின் அடிக்கட்டைக்குள் அது புகுந்தது. கட்டையின் நடு உக்கிக் குழியாகியிருந்தது. குனிந்து பார்த்தால் வாலின் நுனி மட்டும் தெரிந்தது. ஒரு தடியால் கிளறிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. வீரை, முதிரை, பாலை, மறுபடி வீரை. கத்தி போடும் சத்தமும் கேட்கவில்லை.

நடந்தேன். சுற்றி வந்து அதே கட்டையடியிலேயே நின்றேன். இரண்டாம் தரமும் அப்படியே நடந்ததும் அந்தக் கட்டையை விட்டு அகலப் பயம் வந்துவிட்டது. அதன்மேல் ஏறி இருந்துகொண்டு "அம்மப்பா" என்று கூப்பிட்டேன். ஒட்டிய உதடுகளுக்குள்ளால் அது "அம்ம்ம்" என்று மட்டுமே வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டேன். காடு அப்படியே இருந்தது. பிறகு நான் கூப்பிடவில்லை, அழுதேன். வெகுநேரத்துக்குப் பின்பு, ஏன் என்று தெரியாமலே, மீண்டும் கூப்பிட்டேன். உடனே, எறிந்தால் கல் விழும் தூரத்திலிருந்து, "ஆர் மோனே அது?" என்று ஒரு குரல் வந்தது.

அவர் தேன் எடுக்க வந்தவர். தோளில் கைக்கோடரி, இடுப்பில் சுரைக்குடுவை. என்னை அம்மப்பாவிடம் கொண்டுவந்து விட்டபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "முதல் ரெண்டு தரமும் கேட்டதுதான் ஐயா. சத்தமும் ஒரு மாதிரிக் கிடந்தது. பேய் எண்டு நினைச்சு அசையாமல் நிண்டனான்." அம்மப்பா என் முதுகில் ஒரு அடி போட்டுவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டார். தேன்காரர் மீது அவருக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. அந்த இடத்தில் தானும் அப்படித்தான் நின்றிருப்பேன் என்றார்.

ஆகவே 'மூன்' பதிப்பின் குறிப்பை வாசித்தபோது, அதை எழுதியவர் கட்டைக்கு வெளியே நின்ற ஆள் என்பது எனக்கு உடனே விளங்கியது. பிள்ளையின் குரலில் பெரியவர்களை இழுக்கிறது என்பது கேட்டவரின் வாக்குமூலம். கட்டையில் இருந்தவனுக்கு இழுக்கும் நோக்கம் ஏதுமில்லை. அவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். குரல் வரும் திசையில் போன பெரியவர் வழி தவறினால், தவறியவர் அவர்தான். காணாமற்போன பிள்ளை என்ற சொல்லுக்கு வன்னியில் இன்னொரு பொருளும் உண்டு. 2017 இலிருந்து வீதியோரக் கொட்டகைகளில் படங்களை ஏந்தி இருக்கும் அம்மாமாருக்கு உரிய பொருள் அது. அதை ஒரு விளையாட்டுப் பிராணியோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை. இந்தப் பதிவில் அதைத் தொடப் போவதுமில்லை.

உக்கிய கட்டையில் ஓர் உயிர் குடியேறுவது எங்கள் ஊருக்குப் புதிய செய்தியும் அல்ல. ஒட்டுசுட்டான் என்ற பெயருக்கே அப்படியொரு கதை இருக்கிறது. குரக்கன் வெட்டியபின் நிலத்தில் நின்ற ஒட்டைச் சுட்டபோது எரியாமல் நின்ற இடத்தில் சுவாமி தானாகத் தோன்றினார் என்றும், அவரே தான்தோன்றீசுவரர் என்றும் ஊரில் சொல்வார்கள். கடவுளையும் கார்ட்டூனையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். வெட்டி எடுத்தபின் மிஞ்சிய அடியில், இனிப் பயனில்லை என்று விட்ட பகுதியில், எதுவோ இருக்கிறது என்று நினைக்கும் மனம் யப்பானிலும் இருக்கிறது, இங்கும் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன். ஒரு திருத்தம் வேண்டுமானால் சொல்லலாம். எங்கள் பாலைக் கட்டை இலகுவில் உக்காது. அதன் வைரம் கோடரியைத் திருப்பி எறியும். ஃபான்டம்ப் வன்னியில் பிறப்பதாக இருந்தால் நல்ல மரம் பார்த்து நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

விளையாட்டில் அதன் இயல்புகளையும் பார்த்தேன். ஆவி வகை என்பதால் சாதாரண வகை அடிகளும் மல்யுத்த வகை அடிகளும் அதற்குள்ளால் போய்விடும். புல் வகை சேர்ந்திருப்பதால் நெருப்பு அதற்கு ஆகாது. சேனைக்குக் காடு வெட்டிச் சுட்ட நிலத்தில் கரியாக நிற்கும் கட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதிராளியின் மேல் 'காட்டின் சாபம்' என்ற வித்தையைப் போட்டால், எதிராளிக்கும் புல் வகை சேர்ந்துவிடுகிறது. அதாவது காட்டுக்குள் வந்தவரையும் காட்டின் பங்காக்கிவிடுகிறது. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, சில ஃபான்டம்ப்புகளுக்கு மட்டும் வாய்க்கும் 'அறுவடை' என்ற இயல்பு. கையிலிருந்த பழத்தைத் தின்று முடித்தாலும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது மீண்டும் கைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. களத்தில் கடும் வெயில் எரிக்கும்போது வாய்ப்பு என்ற பேச்சே இல்லை, பழம் கட்டாயம் திரும்பும். பாலை பழுப்பதும் வன்னி காய்ந்து வெடிக்கும் வெயிலில்தான் என்பதை அந்த விதியை எழுதியவர் அறிந்திருக்க மாட்டார்.

என்னுடைய ஃபான்டம்ப்புக்கு அந்த இயல்பு இருக்கவில்லை. ஆனாலும் அதை மற்றவற்றுக்கு முன்னால் நிறுத்தி வளர்த்தேன். வளர்ச்சிப் படிகள் பல தாண்டியது, உருவம் மாறவில்லை. மற்றப் பிராணிகள் குறிப்பிட்ட படி வந்ததும் மாறிக்கொண்டிருக்க, இது மட்டும் அதே பிள்ளையாக நின்றது. மருமகனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "அது தனிய வளராது மாமா. வேற ஆளுக்குக் குடுக்கோணும்."

நூறாம் படி வரை வளர்த்தாலும் ஃபான்டம்ப் ஃபான்டம்ப்தான். ஒருவர் கருவியிலிருந்து இன்னொருவர் கருவிக்குக் கைமாறும் அந்தக் கணத்தில் மட்டுமே அது ட்ரெவனன்ட் என்ற பெரிய மரமாகும். இந்தத் தொடரை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கேம் போய் கருவிகள் இரண்டை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன்வழியே ஒரு பூச்சி ஊர்ந்து அடுத்தவரிடம் போவதாக அவர் கற்பனை செய்ததிலிருந்தே இந்தக் கைமாற்று முறை பிறந்தது. முதற் பதிப்பிலேயே ஹான்டர் என்ற ஆவி கைமாறினால்தான் கெங்காராக வளரும். அதற்குப் பின்னால் ஒரு தந்திரம் இருப்பதாக மட்டுமே நினைத்திருந்தேன், பிள்ளைகளை இன்னொரு பிள்ளையைத் தேடிப் போகவைக்கும் தந்திரம். ஃபான்டம்ப்பில் அந்த விதி கதையோடு பொருந்திவிட்டது. காட்டில் தனியே இறந்த பிள்ளை தனியே வளர முடியாது. கேட்ட குரலுக்கு யாராவது 'ஓம்' என்று சொல்லிக் கையை நீட்ட வேண்டும்.

அவர்கள் புறப்பட வேண்டிய இரவு அது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விறாந்தையில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. நானும் மருமகனும் பெட்டிகளின் மேல் இருந்து இரண்டு கருவிகளையும் இணைத்தோம். மாற்றத்துக்கு அவனும் ஒன்று தர வேண்டும் என்பது விதி. மாஜிகார்ப் என்ற சிவப்பு மீன் ஒன்றைத் தந்தான். துள்ளுவதைத் தவிர அதற்குப் பெரிதாக எதுவும் தெரியாது. வளர்ச்சி பெறுபவரின் திரையில்தான் தெரியும் என்பதால், நான் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சிறிய கட்டை வெளிச்சமாகி, நீண்டு, வேர்கள் கால்களாகி, ஒற்றைச் சிவந்த கண்ணோடு நின்றது. உயரம் 1.5 மீற்றர், எடை 71 கிலோ. ஓர் ஆளின் எடை. மரம் தறிப்பவர்களைத் தண்டிக்கும் என்றும், தன்னில் தங்கும் சிற்றுயிர்களிடம் அன்பாக இருக்கும் என்றும் அதன் குறிப்புகள் சொல்கின்றன. மருமகன் அதைத் திருப்பி மாற்றித் தர வேண்டும் என்பது பேச்சு. அதற்குள் வானின் விளக்கு வெளிச்சம் படலையில் விழுந்தது, அம்மா அழத் தொடங்கினார், பெட்டிகள் ஏறின. ட்ரெவனன்ட் கனடாவுக்குப் போய்விட்டது.

இணையத்தின் வழியாக மாற்றலாம் என்று இரண்டு தரம் முயன்றோம். ஒருமுறை அவனுக்குப் பரீட்சை, மறுமுறை இங்கே மழையில் சிக்னல் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். 2024 ஏப்ரலில் 3டிஎஸ் கருவிகளுக்கான இணையச் சேவையை நின்டென்டோ நிறுத்திக்கொண்டது. இனி இரண்டு கருவிகளும் ஒரே இடத்தில் இருந்தால்தான் மாற்றலாம். அதை முதலில் பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் அழியாமல் இருக்கும் என்றும், மாற்றி வாங்கிய பிராணி சொந்தமாகப் பிடித்ததைவிட ஒன்றரை மடங்கு அனுபவம் பெற்று விரைவாக வளரும் என்றும் மருமகன் சொல்கிறான். கடைசியாகப் பேசியபோது 71 ஆம் படியில் நின்றது. "எடையும் படியும் ஒண்டாயிட்டுது மாமா" என்று அதைப் பெரிய செய்தியாகச் சொன்னான்.

மாஜிகார்ப் என்னிடம் இருக்கிறது. 20 ஆம் படியை அடைந்தால் அது கியாரடோஸ் என்ற பெரும் கடற்பாம்பாகிவிடும். 19 இல் வைத்திருக்கிறேன். அவன் தந்தபோது இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று சண்டைகளில் அதை வெளியே எடுப்பதில்லை. மருமகள் போன கிழமை வீடியோ அழைப்பில் கேட்டாள், தன் கருவி நன்றாக இருக்கிறதா, தான் விட்டுப்போன கோழிகள் முட்டையிடுகின்றனவா என்று. இரண்டுக்கும் ஓம் என்றேன்.